பசியை ஜெயித்த பவுனம்மாள்

பவுனம்மாள் மெலியத் தொடங்கியபோது ஊரே மகிழ்ந்தது. காத்திவாக்கம் குப்பத்தில் ஒருத்திக்கு நல்லது நடப்பதைப் பார்த்து இன்னொருத்தி மகிழ்வது அன்றாடம் காணக்கூடிய காட்சியல்ல. ஆகவே இந்த மகிழ்ச்சியைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

அவளுக்கு அப்போது வயது நாற்பதைத் தொடவில்லை. கணவன் ஜெகதீசன் காசிமேட்டில் ஒரு விசைப்படகுக்கு டிரைவர். கடலுக்குப் போனால் திரும்ப ஒரு வாரமோ, அதற்கு மேலோ ஆகும். ஒரே மகள் கீர்த்தி காலேஜில் பி.காம். பவுனம்மாள் எண்ணூர் விரைவுச் சாலையோரம் தள்ளுவண்டியில் மீன் வறுவலும் குழம்புச் சோறும் விற்றாள். துறைமுகத்துக்குள் நுழைய முறை வரும்வரை சாலையிலேயே குடித்தனம் நடத்தும் கன்டெய்னர் லாரிக்காரர்கள்தான் அவள் வாடிக்கையாளர்கள். பக்கத்து வண்டி எல்சியுடையது. இட்லி, ஆப்பம். வியாபாரத்தில் போட்டி இல்லாததால் இருவரும் சிநேகிதிகளாக இருக்க முடிந்தது.

எல்லாம் ஒரு கல்யாணத்தில் தொடங்கியது. ராயபுரத்து மண்டபத்தில் பெண்ணழைப்பு மேளத்துக்கு பவுனம்மாள் ஆடினாள். நன்றாகவே ஆடினாள். நாத்தனார் அம்முவின் மகன் நிதிஷ் அதை போனில் பிடித்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். கீழே ஒரு வரியும் எழுதினான்: "காட்டுப்பள்ளி ஹார்பருக்கு வர வேண்டிய கப்பல் ரூட்டு மாறி மண்டபத்துக்கு வந்துட்சி." குழுவிலிருந்த அத்தனை பேரும் கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மையைப் போட்டார்கள். கடலிலிருந்து திரும்பி போனில் சிக்னல் கிடைத்ததும் ஜெகதீசன் செய்த முதல் காரியம், தானும் ஒரு பொம்மை போட்டதுதான். பவுனம்மாளும் போட்டாள். சிரிக்கத் தெரியாதவள் என்று பெயர் வாங்க அவளுக்கு விருப்பமில்லை.

அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை. விரதம் என்று சொல்லிவிட்டாள்.

விரதம் என்ற சொல்லுக்கு உள்ள மரியாதை பவுனம்மாளுக்கு அன்றுதான் தெரிந்தது. 'பசிக்கவில்லை' என்றால் ஆயிரம் கேள்வி வரும். 'டயட்' என்றால் சிரிப்பார்கள். 'விரதம்' என்றால் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். வெள்ளியோடு செவ்வாய் சேர்ந்தது. பெருமாள் கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று சனி சேர்ந்தது. சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம், பௌர்ணமி என்று ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. கடைசியில் நாட்காட்டியில் சாப்பிட அனுமதியுள்ள நாள் எது என்று தேட வேண்டியதாயிற்று.

"ம்மா, இன்னிக்கி இன்னா சாமி?" என்று கீர்த்தி ஒருநாள் கேட்டாள்.

"புதன்கிழம."

"புதன்கிழமன்னு ஒரு சாமி கீதா?"

"படிச்ச திமிர சாமி கிட்ட காட்டாத" என்றாள் பவுனம்மாள்.

உள்ளே நடந்தது வேறு. அவள் சொன்னால் கேட்கிற பொருள் இந்த உலகத்தில் அதிகம் இல்லை. டீசல் விலை கேட்காது. ஆலைக் கழிவு கலக்கும் கழிமுகத்துத் தண்ணீர் எந்த நிறத்தில் ஓட வேண்டும் என்று அவளிடம் யாரும் யோசனை கேட்டதில்லை. புருஷன் எப்போது கரைக்கு வருவான் என்பது மீனுக்கும் காற்றுக்கும்தான் தெரியும். ஆனால் வயிறு கேட்டது. பசி வந்து கத்தும். கொஞ்ச நேரம் கத்தவிட்டால் தானே அடங்கிப் போகும். அது அடங்கும்போது அவளுக்குள் ஒரு கொண்டாட்டம் நடந்தது. வாழ்க்கையில் அவள் அவ்வளவு சுலபமாக எதையும் ஜெயித்ததில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், அவள் சமையல் அப்போதுதான் உச்சத்துக்குப் போனது. வண்டியில் வறுவல் மணம் சாலையைத் தாண்டி அடித்தது. வீட்டில் கீர்த்திக்கு மூன்றாவது கரண்டி, நான்காவது கரண்டி என்று போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து, அவள் மென்று விழுங்குவதை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். தன் வாயில் உப்பு பார்க்கக்கூட ஒரு சொட்டு வைக்க மாட்டாள். உப்பு பார்ப்பது எல்சியின் வேலையானது.

ஊர் பாராட்டியது. "காலேஜ் பொண்ணு கணக்கா ஆயிட்டே" என்றார்கள். அம்மு, எல்லாரையும் விட ஒரு படி மேலே போய், "எங்க பவுனு கிட்ட சாமி கீதுமே, மூஞ்சே சொல்து" என்றாள். தேய்ந்துபோன முகத்தில் கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தால் அது தெய்வீகம் என்பது அம்முவின் கருத்து.

பிறகு சில விஷயங்கள் நடந்தன. அவற்றுக்கும் ஆளாளுக்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். சித்திரை வெயிலில், எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கும்போதே பவுனம்மாளுக்குக் குளிர்ந்தது. ஜெகதீசனின் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மீன் வறுத்தாள். ஜல்பு பிடித்திருக்கிறது என்றார்கள். தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தது. தண்ணி சரியில்லை என்றார்கள். தலையில் கொட்டிய முடிக்கு ஈடாகக் கையிலும் கன்னத்திலும் பூனைமுடி போல மெல்லிய ரோமம் வளர்ந்தது. அதைப் பற்றி நாகரிகம் கருதி யாரும் பேசவில்லை. மாதவிலக்கு நின்றது. "சீக்கிரமே தொல்ல வுட்டுட்சி, குடுத்து வெச்சவ" என்றாள் அம்மு.

தலைசுற்றல் என்று ஒருமுறை பக்கத்திலிருந்த கிளினிக்குக்குப் போனாள். அங்கிருந்த டாக்டர் சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை என்று மகிழ்ந்தார். நாடித் துடிப்பு மிக மெதுவாக இருந்ததைக் கண்டு, "ஓட்டப்பந்தய வீராங்கனை மாதிரி இருக்கீங்கம்மா, இப்படியே மெயின்டெய்ன் பண்ணுங்க" என்றார். வண்டியிலிருந்து வீட்டுக்கு நடக்கவே மூன்று இடத்தில் உட்கார வேண்டியிருந்த அந்த வீராங்கனை, நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

இத்தனைக்கும் கண்ணாடியில் அவளுக்குத் தெரிந்தது கப்பல்தான். விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிகிற உடம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொள்வாள். எல்சி மட்டும் ஒரு நாள் கேட்டாள்.

"இன்னாடி பவுனு, ஒனக்கு இன்னாதான் ஆச்சு? ஒரு ஆப்பம் துன்னுடி. தேங்காப்பால் ஊத்தித் தர்றேன்."

"விரதம்டி."

"எங்களுக்குந்தான் தவக்காலம் கீது. அதுக்கு ஒரு முடிவு வருது. ஒனக்கு எப்பதாண்டி ஈஸ்டர்?"

பவுனம்மாள் சிரித்து மழுப்பினாள். எல்சிக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆடி மாதம் எல்லையம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். குண்டானுக்குப் பக்கத்தில் நின்று ஊருக்கே கூழ் மொண்டு ஊற்றியவள் பவுனம்மாள். உச்சி வெயிலில் அவள் கையிலிருந்த அகப்பை நழுவியது. உடம்பு ஒரு ஆட்டம் ஆடி, கண் மேலே செருகி, தரையில் விழுந்தாள்.

குலவைச் சத்தம் வானத்தைப் பிளந்தது. "ஆத்தா வந்துட்டா!"

பம்பைக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். யாரோ மஞ்சள் தண்ணீரை முகத்தில் அடித்தார்கள். யாரோ வேப்பிலையால் தலையில் அடித்தார்கள். அம்மு முட்டி போட்டு, தன் தம்பி பெண்டாட்டியின் காலைப் பிடித்துக்கொண்டாள். வாழ்நாளில் முதல் முறை.

"தாயே, எம்புள்ள நிதிஷுக்கு ஹார்பர் வேல பர்மனென்ட் ஆவுமா? வாயத் தொறந்து சொல்லு தாயே!"

ஆத்தா காய்ந்த உதட்டைப் பிரித்து, "தண்ணி" என்றாள்.

"தண்ணின்றா! அப்போ கப்பல்லயே வேல கெடைக்கும்!" அம்மு அழுதாள்.

எல்சி கூட்டத்தை முழங்கையால் பிளந்துகொண்டு வந்தாள். ஆத்தா வருவது போவது பற்றி அவளுக்குச் சொந்த அபிப்பிராயம் எதுவும் இல்லாதது அன்று வசதியாகப் போயிற்று. "தண்ணி கேக்கறாடி! சாமியும் இல்ல ஒண்ணியும் இல்ல, மயக்கம்டி அது! நவுருங்க!" என்று கத்தி, பவுனம்மாளைத் தூக்கி ஷேர் ஆட்டோவில் போட்டாள். தூக்குவதற்கு இன்னொரு ஆள் தேவைப்படவில்லை. அதுதான் எல்சியைப் பயமுறுத்தியது.

கிளினிக்கில் அதே டாக்டர் குளுக்கோஸ் ஏற்றினார். "வீக்னெஸ்தான். நல்லா சாப்பிடச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார்.

நல்லா சாப்பிடச் சொல்வது என்றால் என்ன என்று ஜெகதீசனுக்குச் சொல்லித்தர வேண்டுமா? கரைக்கு வந்தவன், வீட்டைக் கல்யாண மண்டபமாக்கினான். காலையில் ஆட்டுக்கால் பாயா. பதினோரு மணிக்குப் பால், பழம். மத்தியானம் சுறாப்புட்டு, வஞ்சிரம் வறுவல், மலை போலச் சோறு. சாயங்காலம் சத்து மாவு. கீர்த்தி தாயின் கையைத் தன் தலையில் வைத்து, "நீ துன்னலன்னா நானும் துன்ன மாட்டேன்" என்று மிரட்டிச் சத்தியம் வாங்கினாள். பவுனம்மாள் அழுதுகொண்டே விழுங்கினாள். ஒவ்வொரு வாயும் தோல்வியாக உள்ளே இறங்கியது.

சில நாளில் பாதமும் கணுக்காலும் பொதபொதவென்று வீங்கின. அம்மு வந்து பார்த்து, "பாத்தியா, காலு எப்டி பூசினாப்ல ஆயிட்சி! சத பிடிக்குது" என்று திருஷ்டி கழித்தாள். மறுநாள் பவுனம்மாளால் டம்ளரைத் தூக்க முடியவில்லை. விரல்கள் மரத்தன. மூச்சு வாங்கியது. கீர்த்தியைப் பார்த்து, "யாரு நீ, லாரிக்காரன் பொண்ணா? குழம்பு தீந்துட்சிமா" என்றாள்.

அன்றுதான் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

வார்டில் டாக்டர் சங்கரநாராயணன் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, ஜெகதீசனை வராந்தாவுக்கு அழைத்தார்.

"எவ்வளவு நாளா சாப்பிடாம இருந்தாங்க?"

"ஒன்னர வருஷமா கொஞ்சங் கொஞ்சமா கொறச்சிகினா சார். இப்பதான் நாங்க நல்லா துன்ன வெச்சோம்."

"அதனாலதான் இந்த நிலைமை."

ஜெகதீசனுக்குப் புரியவில்லை. பட்டினி போட்டுக் கொன்ற கதை கேள்விப்பட்டிருக்கிறான். சோறு போட்டுக் கொல்வது புதிதாக இருந்தது.

"என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"போட்டு டிரைவர் சார்."

"ஒரு இன்ஜின் ரொம்ப நாள் ஓடாம கிடக்கு. நீங்க போய் எடுத்ததும் முழு வேகத்தில ஓட்டுவீங்களா?"

"எவன் சார் ஓட்டுவான்? ஆயில் பாத்து, மெதுவா ஸ்டார்ட் பண்ணி, சும்மா ஓடவுட்டு... எடுத்ததும் முறுக்குனா இன்ஜினு ஜாம் ஆயிரும்."

"நீங்க முறுக்கிட்டீங்க."

ஜெகதீசன் சுவரில் சாய்ந்தான். டாக்டர் நிதானமாகச் சொன்னார். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பில் உப்புச் சத்துகளின் சேமிப்பு காலியாகியிருக்கும். திடீரென்று சோறு உள்ளே போனால், அதைச் செரித்துப் பயன்படுத்த, ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் ஒரே நேரத்தில் செல்களுக்குள் ஓடிவிடும். ரத்தத்தில் அவை சரிந்தால் தசை ஓயும், மூச்சு ஓயும், இதயம் தாளம் தப்பும். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் பி-ஒன் வைட்டமின் ஊசி போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூளையும் குழம்பும். "இதை மருத்துவமனையில வெச்சு, தினம் ரத்தம் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். அன்புன்னு நினைச்சு செஞ்சீங்க. தப்பு உங்க மேல இல்ல, யாரும் உங்களுக்குச் சொல்லல."

பிறகு நோயின் பெயரைச் சொன்னார். அனோரெக்ஸியா நெர்வோசா. குண்டாகிவிடுவோம் என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கவைக்கும் மனநோய்.

பின்னாலேயே வந்து நின்ற அம்முவுக்கு அதைக் கேட்டதும் கோபம் வந்தது. "அது பணக்கார வூட்டுப் பொண்ணுங்களுக்கு வர்றதாச்சே சார். எண்ணூர்ல எப்டி வரும்? எங்களுக்கு இழுப்பு வரும், தோல் அரிப்பு வரும். இதெல்லாம் எங்க ஏரியா வியாதியே கெடையாது."

"வியாதிக்கு ஏரியா தெரியாதும்மா" என்றார் டாக்டர். அம்மு நம்பவில்லை.

நெஞ்சில் ஒட்டிய ஒயர்களோடும், சொட்டுச் சொட்டாக இறங்கும் பாஸ்பேட்டோடும் பவுனம்மாள் பிழைத்தாள். நினைவு தெளிந்ததும் முதலில் சந்தித்தது நவ்ரீனை. பழைய வண்ணாரப்பேட்டைப் பெண். ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர். அவள் நீட்டிய சின்னக் கிண்ணத்தில் வெளுத்த கஞ்சி இருந்தது.

ஊருக்கே மீன் குழம்பு ஊற்றியவள் அதை முகர்ந்து பார்த்தாள். "இத்த நாயி குடிக்குமா?"

"உங்க நெலமையில இருந்தா நாய்க்கும் இதத்தான்க்கா குடுப்பேன்."

பவுனம்மாளுக்கு அந்தப் பெண்ணை உடனே பிடிக்காமல் போயிற்று. அடுத்த சில வாரங்கள் இருவருக்கும் போர். நவ்ரீன் கிண்ணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். கஞ்சி இட்லியானது, இட்லியோடு முட்டை சேர்ந்தது. பவுனம்மாள் முட்டையைப் பக்கத்துக் கட்டில்காரிக்குத் தானம் செய்தாள், பாலை வாஷ்பேசினுக்கு வார்த்தாள். இட்லியைத் தலையணை உறைக்குள் ஒளித்தாள். எறும்புகள் காட்டிக்கொடுத்தன. நவ்ரீன் திட்டவில்லை. உறையை உருவிப் போட்டுவிட்டு, கையிலிருந்த தட்டை நீட்டினாள். "இன்னொண்ணு கொண்டாந்துருக்கேன்க்கா. எறும்புக்குப் போட்டது கணக்குல வராது."

"நான் சாப்ட்டா ஒனக்கு இன்னாமா?"

"நீங்க சாப்ட்டாதான் நான் வூட்டுக்குப் போயி சாப்புட முடியும். எனக்குப் பசிக்குதுக்கா."

இப்படி வெட்கமில்லாமல் பசிக்கிறது என்று சொல்லும் ஒருத்தியை பவுனம்மாள் வெகுநாளாகப் பார்க்கவில்லை. தட்டை வாங்கினாள். இட்லியைப் பிட்டு, பிட்டதைப் பிட்டு, அதையும் பிட்டு, சுண்டைக்காய் அளவில் தின்று முடிக்க ஒரு யுகம் ஆயிற்று. நவ்ரீன் தன் பசியோடு பக்கத்தில் உட்கார்ந்து, போனில் தன் அண்ணன் குழந்தையின் வீடியோ காட்டிக்கொண்டிருந்தாள்.

மனநல மருத்துவர் ஒரு அம்மாள் வந்தார். அவரிடம் பவுனம்மாள் பல நாள் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் கல்யாண வீடியோவைச் சொன்னாள். கூட இருந்த ஜெகதீசன் குறுக்கே விழுந்தான். "அது சும்மா வெளாட்டுக்கு மேடம்!"

"யார் விளையாடினாங்க?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

ஒரு வீடியோ மட்டும் ஒருத்தியைப் பட்டினி போட்டுவிடாது, அது ஏற்கெனவே உள்ளே கிடந்ததில் விழுந்த தீப்பொறிதான் என்று அவர் விளக்கினார். ஜெகதீசனுக்கு அந்த விளக்கத்தால் ஆறுதல் கிடைக்கவில்லை. உள்ளே என்ன கிடந்தது என்று இருபது வருஷமாகத் தனக்குத் தெரியாது என்பதுதான் அதில் அவனுக்கு விளங்கிய செய்தி.

வீட்டுக்கு அனுப்பும்போது நிபந்தனைகள் சொன்னார்கள். வேளைக்கு வேளை சாப்பாடு, நடுவில் சிற்றுண்டி. எலும்பு தேய்ந்திருப்பதால் கால்சியம் மாத்திரை. விரதம் எந்தச் சாமிக்கும் கிடையாது. சாப்பிடும்போதும், சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் வரைக்கும் யாராவது கூடவே உட்கார வேண்டும். எடை பார்ப்பது ஆஸ்பத்திரியில் மட்டும், அதுவும் எந்திரத்துக்கு முதுகைக் காட்டி நின்று. எவ்வளவு நாளில் குணமாகும் என்று ஜெகதீசன் கேட்டதற்கு, மாதங்கள் ஆகும், சிலருக்கு வருஷங்கள் ஆகும் என்றார்கள். இன்ஜினை இறக்கி மாட்டவே இரண்டு நாள்தான் ஆகும் என்று அவன் வாய்க்குள் முணுமுணுத்தான்.

வீட்டுக்கு வந்த வாரமே அம்மு ஆப்பிளோடு வந்தாள். "அய்ய! இன்னாமா தேறிட்டே! கன்னமெல்லாம் உப்பிகினு, குண்டுப் பாப்பா கணக்கா கீறே!" என்று நெட்டி முறித்தாள். மனமார்ந்த பாராட்டு. மறுநாள் பவுனம்மாள் காலையில் சாப்பிடவில்லை, மத்தியானமும் சாப்பிடவில்லை. கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கீர்த்தி நவ்ரீனுக்கு போன் செய்தாள். எல்சி அம்மு வீட்டுக்கே போனாள். அங்கே அவள் பேசியதில் அச்சிடத் தகுந்தது இவ்வளவுதான்: "இன்னொரு தபா அவ ஒடம்பப் பத்தி நல்லதோ கெட்டதோ வாயத் தொறந்தே, அந்த வாய்ல ஆப்பச்சட்டிய வெச்சுருவேன்." பாராட்டியதற்கு அடி விழும் காலம் வந்துவிட்டதென்று அம்மு தெருவெல்லாம் சொல்லிப் புலம்பினாள்.

மார்கழியில் பவுனம்மாள் மறுபடி சறுக்கினாள். விடியற்காலை பஜனைப் பாட்டு கேட்டதும் பழைய வெற்றி நினைவுக்கு வந்துவிட்டது. திரும்பவும் வார்டு, திரும்பவும் நவ்ரீன், திரும்பவும் கிண்ணம். இந்த முறை சீக்கிரம் பிடித்துவிட்டார்கள். "வாங்கக்கா, எறும்பெல்லாம் விசாரிச்சிது" என்றாள் நவ்ரீன். பவுனம்மாள் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு, கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

சித்திரை பிறந்ததும் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடந்தன. ஜெகதீசன் வீட்டில் கிடந்தான். கீர்த்திக்குப் பரீட்சை, எல்சிக்கு வியாபாரம். ஆகவே மத்தியானக் காவல் அவனுக்கு வந்தது. முதல் சில நாள் போலீஸ்காரன் போல முட்டிக்கு முட்டி உட்கார்ந்து, பெண்டாட்டியின் தட்டையே முறைத்தான். "அப்டி பாக்காதயா, பேஜாரா கீது" என்று அவள் சொன்ன பிறகு, டிவியைப் பார்த்துக்கொண்டு ஓரக்கண்ணால் முறைத்தான்.

ஒரு மத்தியானம், சோறும் கானாங்கத்தைக் குழம்பும் தட்டில் இருந்தன. கட்டுமரக்காரர் ஒருவர் கொடுத்த மீன். புழுக்கமான நாள். காவல்காரன் சுவரில் சாய்ந்தபடியே வாய் பிளந்து தூங்கிப்போனான். குறட்டை வந்தது.

பவுனம்மாள் தட்டைப் பார்த்தாள். பின்கதவு திறந்திருந்தது. வாசற்படியில் தெருப் பூனை ஒன்று, மிகுந்த பொறுமையோடு, காலை மடக்கி உட்கார்ந்திருந்தது. இவ்வளவு வசதியான ஏற்பாடு ஆஸ்பத்திரியில்கூட ஒரு நாளும் அமைந்ததில்லை. தட்டை எடுத்துக்கொண்டு கதவருகே போனாள். பூனை எழுந்து நின்றது.

வெகுநேரம் அவள் அங்கேயே நின்றாள். உள்ளே அந்தக் குரல், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றது. அது ஓய்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். பிறகு வாசற்படியிலேயே, பூனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கவளம் பிசைந்து வாயில் போட்டாள். குழம்பில் உப்பு குறைவு, கீர்த்தி வைத்தது. மகளைத் திட்டிக்கொண்டே அடுத்த கவளத்தைப் பிசைந்தாள். பூனை கையைத் தட்டிப் பார்த்தது. "போ கஸ்மாலம், இது எனுக்கு" என்றாள். பாதியில் கண் கலங்கியது, நிறுத்தினாள், மறுபடி தொடங்கினாள். கடைசியில் முள்ளையும் தலையையும் மட்டும் பூனைக்கு வைத்துவிட்டு எழுந்தாள்.

கணவன் இன்னும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். காலால் அவன் முட்டியை எத்தினாள்.

"யோவ் வாட்ச்மேன், எந்திரியா. சாப்ட்டாச்சு. போய் தட்டக் கழுவி வெய்யி."